ரீ கலம் வைரசைப் பார்ப்பதில்லை: விடைத்தாள்களில் வரும் பிழைகள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஈரலைத் தாக்கும் வைரசு நோயான ஈரலழற்சி சி (ஹெபடைட்டிஸ் சி) பற்றிக் கேட்டால் பாதிப்பேர் ஒரே படத்தைத்தான் கீறுவார்கள்: உருண்டையாய் ஒரு வைரசு, அதைக் கவ்விப் பிடித்தபடி ஒரு ரீ கலம் (T cell), அதாவது நோயை எதிர்க்கும் வெண்குருதிக்கலம். முதற்பிழை அந்தப் படந்தான். முழு வைரசைப் பிடிப்பது பிறபொருளெதிரி (antibody) என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் வேலை. தொற்றிய ஈரற்கலம், வைரசுப் புரதத்தை நறுக்கி, ஆளுக்கு ஆள் வேறுபடும் எச்.எல்.ஏ. என்ற தன் புரதத்தில் ஏந்திக் காட்டும் துண்டை மட்டுமே ரீ கலம் பார்க்கும். கொல்லும் வகை ரீ கலத்துக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் 8 முதல் 10 அமினோவமிலங்கள். வைரசின் முழுப் புரதச் சங்கிலியோ ஏறத்தாழ 3,000.

எங்கள் பக்கம் மாட்டுக்குக் குறி சுடுவதை நினையுங்கள். மாடு யாருடையது என்று கேட்டால் முகத்தையா பார்க்கிறோம்? குறியில் ஒரு கோடு கூடினால் மாடு கைமாறிவிடும். வைரசிலும் ஓர் அமினோவமிலம் மாறினால் போதும். துண்டு எச்.எல்.ஏ.யில் உட்காராமல் போகலாம். உட்கார்ந்தாலும் துண்டை இனங்காணும் ரீ கலத்தின் வாங்கிக்குப் (receptor) பொருந்தாமல் போகலாம். மூன்றாவதை ஒருவரும் எழுதுவதில்லை: துண்டுக்கு வெளியே நடந்த மாற்றத்தால் புரதத்தை நறுக்கும் வெட்டு தவறி, அந்தத் துண்டு உருவாகவே மாட்டாது. குறி அப்படியே இருக்கிறது, மாடுதான் பட்டிக்கு வரவில்லை.

"தப்புவதற்காக வைரசு விகாரமடைகிறது" என்று எழுதினால் நான் புள்ளி போடுவதில்லை. இந்த வைரசின் ஆர்.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் நொதியத்துக்குப் பிழை திருத்தத் தெரியாது. நாள்பட்ட நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் கோடி அளவில் வைரசுகள் உருவாகின்றன. எழுத்துப்பிழைகள் முன்கூட்டியே அங்கே கிடக்கின்றன. ரீ கலம் தெரிந்ததைக் கொல்ல, தெரியாதது பெருகுகிறது. சில மாற்றங்கள் வைரசையே பலவீனமாக்கும். வேறு எச்.எல்.ஏ. உள்ள ஒருவருக்குத் தொற்றினால் அவை பழைய வடிவுக்குத் திரும்பவும் கூடும்.

நாள்பட்ட தொற்றில் எல்லா ரீ கலங்களும் களைத்துவிடும் என்பதும் சரியில்லை. மாறாத துண்டை ஓயாமல் பார்ப்பவைதான் பிடி-1 (PD-1) என்ற தடைபோடும் புரதத்தைச் சுமந்து களைக்கின்றன. தன் துண்டு மாறிவிட்ட ரீ கலம் வேலையில்லாமல் நல்ல சுகத்தோடு இருக்கும். பொதுவான வைரசின் அமினோவமில வரிசைப்படி செய்த துண்டை ஆய்வுகூடத்தில் காட்டினால் அது உசாராகத் துள்ளும். நோயாளியின் சொந்த வைரசு அதன் கண்ணில் படவே படாது. அவருடைய வைரசு வரிசையிலும் துண்டு செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பிறகு ஒன்று. 2009இல் வவுனியா செட்டிக்குளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பரவிய செங்கமாரியை இதோடு குழப்பாதீர்கள். அது ஈரலழற்சி ஏ. தண்ணீர், சாப்பாட்டால் வருவது, நாள்பட்டதாக மாறாது. சி இரத்தத்தால் பரவும். தடுப்பூசி இல்லை, ஆனால் 8 முதல் 12 கிழமை குளிசையில் 95 வீதத்துக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம்.