நாகியோஸ் அலர்ட் வாசகத்தை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர்களைக் கண்காணிக்கும் நாகியோஸ் மென்பொருளில் அலர்ட் வாசகத்தைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. அதில் நேர்ந்த தவறு வெளியே தெரிய ஐந்து வாரம்கூட ஆகலாம். நாம் வாசகம் என்று நினைத்துத் திருத்துவது உண்மையில் ஒரு ஷெல் கட்டளை. அது உடைந்தாலும் கண்காணிப்புத் திரையில் எதுவும் சிவப்பாகாது. மெயில் வராது, அவ்வளவுதான். எல்லா சர்வரும் நலமாக ஓடும் நாளிலும் மெயில் வராதே! அதனால் எது அமைதி, எது பழுது என்று யாருக்கும் தெரிவதில்லை.

முதல் தவறு, கூடவே வரும் கட்டளைகளில் நேரடியாகக் கை வைப்பது. கட்டளைக் கோப்பில் ஹோஸ்டுக்கு (கண்காணிக்கப்படும் சர்வர்) ஒன்று, சர்வீஸுக்கு (அதில் கவனிக்கப்படும் டிஸ்க் போன்ற ஒவ்வொன்றும்) ஒன்று என இரண்டு மெயில் கட்டளைகள் ஆரம்பத்திலேயே இருக்கும். பொதுவாக எல்லா காண்டாக்டும் (அலர்ட் பெறுபவருக்கான பதிவு) அவற்றையே நம்பியிருக்கும். அங்கே ஒரு மேற்கோள்குறி தவறினாலும் மொத்தக் குழுவுக்கும் அலர்ட் நின்றுவிடும். பழையதை அப்படியே விட்டுவிட்டு, நகலெடுத்துப் புதுப் பெயர் கொடுத்து, உங்கள் காண்டாக்டில் மட்டும் சேருங்கள். காண்டாக்டில் கட்டளையைக் குறிப்பிடும் வரியில் காற்புள்ளி இட்டு இரண்டு கட்டளைகளைத் தரலாம் என்பதால், சில நாள் பழைய மெயிலும் புதிய மெயிலும் சேர்ந்தே வரட்டும். ஒன்று வந்து மற்றொன்று வராவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது குறியீடுகள். நாகியோஸ் அமைப்புக் கோப்பில் அரைப்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் உள்ளது குறிப்புரை என்று கழிக்கப்படும். வாசகத்தின் நடுவில் ஒரு ; போட்டால் கட்டளை அங்கேயே வெட்டுப்பட்டு, மெயில் அனுப்பும் பகுதியே காணாமல் போகும். அதற்கு முன்னால் \ இட வேண்டும். டாலர் குறி வேண்டுமென்றால் $$ என்று இரட்டிக்க வேண்டும். ஒற்றை $ ஒரு மேக்ரோவின் (அனுப்பும்போது நாகியோஸ் மதிப்பை இட்டு நிரப்பும் பெயர்) தொடக்கமாக எடுத்துக்கொள்ளப்படும். அமைப்பைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினோம், பிழை பூஜ்யம் என்று வந்தது, ஆகவே சரி என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சோதனை அமைப்பின் இலக்கணத்தைப் பார்க்கிறது. பாதியில் வெட்டுப்பட்ட கட்டளையும் அதன் கண்ணுக்கு முறையான கட்டளைதான்.

சர்வீஸ் வாசகத்தை நன்றாக எழுதி முடித்து, அதையே ஹோஸ்ட் கட்டளைக்கும் ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. ஹோஸ்ட் அலர்ட்டில் சர்வீஸ் மேக்ரோக்களுக்கு மதிப்பு இல்லை. நாகியோஸ் அவற்றை வெற்றுச் சரமாக்கிவிடும். ஒரு சர்வர் முழுவதுமாக விழுந்த நேரத்தில், சர்வீஸ் பெயரும் நிலையும் இல்லாத ஓட்டை மெயில் வரும். இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

தலைப்பு வரி

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவது தகும். பூட்டிய போன் திரையில் தெரிவது தலைப்பின் முதல் சில சொற்கள்தான். நாகியோஸின் இயல்பான தலைப்பு இரண்டு நட்சத்திரக்குறி, அலர்ட் வகை, பின்பு 'சர்வீஸ் அலர்ட்' என்று தொடங்குகிறது. எந்த சர்வர் என்பது அதன் பிறகுதான் வரும். நிலை, ஹோஸ்ட், சர்வீஸ் என்ற வரிசையில் மாற்றி, அலங்காரத்தை எடுத்துவிடுங்கள். தேதியையும் நேரத்தையும் தலைப்பில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் தலைப்பு மாறினால் ஜிமெயில் போன்றவை அவற்றை ஒரே உரையாடலாகக் கோக்காது. ஒரே பிரச்சினைக்கு இருபது தனி மெயில்கள் இன்பாக்ஸில் சிதறும். நேரம் உடலுக்குள் இருக்கட்டும்.

உடலில் பெரிய தவறு, பிளகின் (சோதனையைச் செய்யும் சிறு நிரல்) சொன்னதை எடுத்துவிட்டு நம் விளக்கத்தை வைப்பது. 'டிஸ்க் நிரம்பிவிட்டது, உடனே கவனிக்கவும்' என்பது படிக்க அழகாக இருக்கும். ஆனால் டிஸ்கின் எந்தப் பிரிவு, எத்தனை சதவீதம், எத்தனை ஜிபி மிச்சம் என்பது பிளகின் வெளியீட்டில்தானே இருக்கிறது! அதை முதலில் வையுங்கள், விளக்கம் கீழே வரட்டும். சாதாரண வெளியீட்டு மேக்ரோ முதல் வரியை மட்டும் தரும். மீதி வரிகளுக்கு நீள வெளியீட்டு மேக்ரோ தனியாக உண்டு. அதில் வரிமுறிவுகள் \ குறியோடு சேர்ந்த எழுத்தாக இருக்கும். மூலக் கட்டளை பிரின்டெஃப்பை (printf) %b வடிவத்தோடு பயன்படுத்துவது அவற்றை உண்மையான வரிகளாக்கத்தான். எளிமைக்காக அதை எக்கோவாக மாற்றினால் எல்லாம் ஒரே வரியில் கொட்டிக் கிடக்கலாம்.

வெளியீட்டில் < > | போன்ற குறிகள் காணாமல் போவதைப் பார்த்து, அவற்றை நீக்கும் அமைப்பையே சிலர் காலியாக்கிவிடுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. பிளகின் வெளியீடு வெளியிலிருந்து வரும் உரை. லாக் கோப்பைப் படிக்கும் பிளகின் என்றால், யாரோ இணையத்திலிருந்து எழுத வைத்த வரியே அதில் இருக்கலாம். அது வடிகட்டப்படாமல் ஷெல்லுக்குள் போனால், கண்காணிப்பு சர்வரிலேயே பிறர் கட்டளை ஓடும்.

'உடனே கவனிக்கவும்' என்ற வரியை வார்ப்புருவில் நிலையாக எழுதுவதில் இன்னொரு சிக்கல்: பிரச்சினை தீர்ந்ததற்கும் அதே கட்டளைதான் ஓடுகிறது. சர்வர் எழுந்த செய்தியும் பதற வைக்கும். அறிவிப்பு வகையைப் பார்த்து வரியை மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் பிரச்சினையை ஏற்றுக்கொண்டதாகக் குறித்தால் வரும் அறிவிப்பில், அவர் பெயரும் குறிப்பும் தரும் மேக்ரோக்களைச் சேருங்கள். ஒரே கோளாறுக்கு மூன்று பேர் எழுந்து உட்காருவது இதனால் தவிரும்.

டெலிகிராமும் எஸ்எம்எஸ்ஸும்

டெலிகிராம் பாட் (தானியங்கிக் கணக்கு) வழியாக அனுப்பும்போது மார்க்டவுன் வடிவத்தைப் போடுகிறோம், சோதனைச் செய்தி தடித்த எழுத்தில் அழகாக வருகிறது. பின்பு பெயரில் ஒற்றை _ உள்ள ஒரு சர்வீஸ் விழுகிறது. டெலிகிராம் அந்த அடிக்கோட்டைச் சாய்வெழுத்தின் தொடக்கமாகப் படித்து, முடிவைக் காணாமல், 400 பிழையோடு செய்தியை நிராகரிக்கிறது. செய்தியை இணையம் வழியாக அனுப்பும் கர்ல் கட்டளை இயல்பாக 400 பதிலையும் வெற்றி என்றே கணக்கிடுவதால் நாகியோஸுக்கும் தெரியாது. அலர்ட்டுக்கு வெறும் உரையே போதும். கர்லில் தோல்வியைப் பிழையாகத் திருப்பும் தெரிவையும் சேருங்கள். ஜேசன் (JSON) வடிவத்தில் தரவை எதிர்பார்க்கும் சேவைகளுக்குச் சரங்களைக் கையால் ஒட்டாமல், பைத்தானின் ஜேசன் நூலகத்தால் கட்டுங்கள்; வெளியீட்டில் ஒரு \ வந்தாலே கையால் ஒட்டியது உடையும். பாட் டோக்கனைக் கட்டளை வரியில் எழுதினால் அந்த சர்வரில் நுழைந்த எவரும், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் அதைப் பார்க்கலாம். நாகியோஸ் யூசர் மட்டும் படிக்கக்கூடிய கோப்பில் வைத்து, ஸ்கிரிப்டைப் படிக்கச் சொல்லுங்கள்.

தமிழில் அலர்ட் வைக்க விரும்புவோருக்கு மெயில் உடல் தொல்லை தராது, யுடிஎஃப்-8 என்று அறிவித்தால் போதும். தலைப்பு வரியை மைம் (MIME) முறையில் குறியாக்க வேண்டும். நம் டெர்மினலில் சரியாக வந்தது பின்னணியில் ஓடும் நாகியோஸ் டீமனிலிருந்து வரும்போது குப்பையாகலாம், ஏனென்றால் அதன் மொழிச் சூழல் வேறு.

எஸ்எம்எஸ்ஸில் கணக்கு கடினம். ஆங்கில எழுத்தில் 160 இடம்; ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தச் செய்திக்கும் 70 இடம்தான், அதற்கு மேல் துண்டுக்கு 67. மெய்க்கும் உயிர்மெய்க்கும் புள்ளியும் கொம்பும் தனி இடம் பிடிக்கும். 'முதன்மை தரவுத்தளம் நின்றுவிட்டது' என்ற மூன்று சொற்களுக்கு இடைவெளியோடு 32 இடம் போய்விடுகிறது. இந்தியாவில் எஸ்எம்எஸ் கேட்வே வழியாக அனுப்பினால் வார்ப்புருவை டிஎல்டியில் (வணிகச் செய்திகளுக்கான பதிவுத் தளம்) பதிவு செய்திருக்க வேண்டும். வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் பதிவோடு பொருந்தாமல் வழியிலேயே தடுக்கப்படலாம். எனவே முதலில் பதிவை மாற்றி, ஒப்புதல் வந்த பிறகே கட்டளையை மாற்றுங்கள்.

சோதிக்கும் முறை

ரூட்டாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூடோ வழியாக நாகியோஸ் யூசராக ஓட்டுங்கள். அனுமதியும் பாதையும் அங்கேதான் இடறும். வலைத்திரையிலிருந்து தனிப்பயன் அறிவிப்பு அனுப்பலாம், ஆனால் அப்போது அறிவிப்பு வகையே வேறு என்பதால், பிரச்சினைக்கும் மீட்புக்கும் எழுதிய கிளைகள் ஓடாது. நம்பகமான வழி, ஒரு பொம்மை சர்வீஸை உருவாக்குவது. அதில் நாகியோஸ் தானே ஓட்டும் சோதனையை நிறுத்தி, அதிகபட்ச முயற்சியை 1 ஆக வைத்து, பாசிவ் முடிவாக (வெளியிலிருந்து நாமே தரும் முடிவு) கிரிட்டிக்கல் அனுப்புங்கள். முயற்சி 3 என்று இருந்தால் முதல் இரண்டு முடிவுகளுக்கு அறிவிப்பே வராது, கட்டளை பழுது என்று தவறாக நினைப்பீர்கள். சோதனை உரையில் மேற்கோள்குறி, அடிக்கோடு, \, ஒரு தமிழ்ச்சொல் எல்லாம் இருக்கட்டும். பின்பு ஓகே அனுப்பி மீட்புச் செய்தி வருகிறதா என்று பாருங்கள்.

லாக்கில் சர்வீஸ் அறிவிப்பு வரி இருப்பதால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று பொருள் இல்லை. கட்டளையை ஓட்ட முடிவு செய்ததற்கான பதிவு அது. நாகியோஸ் 4இல் அதன் அருகே 127 என்ற திரும்புகுறியோடு ஒரு வரி இருந்தால், மெயில் நிரலோ ஸ்கிரிப்டோ அந்தப் பாதையில் இல்லை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, ஓட்டும் அனுமதி இல்லை. நேரம் முடிந்தது என்றிருந்தால், இயல்பான 30 நொடிக்குள் கேட்வே பதில் தரவில்லை. இந்த மூன்றும் இல்லாமல், போனில் பிரச்சினைச் செய்தியும் மீட்புச் செய்தியும் வந்த பிறகு மற்ற காண்டாக்டுகளை ஒவ்வொன்றாகப் புதிய கட்டளைக்கு மாற்றுங்கள்.