வளைவில் டயரின் கடைசிப் பிடி வரை

கோவையில் 22 வருடமாக வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். டயரைத் தடவிப் பார்த்தாலே அந்த வண்டியை ஓட்டுகிறவர் எப்படித் திருப்புகிறார் என்று ஓரளவு தெரிந்துவிடும். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் பார்க்கும் திசை) எல்லாம் சரியாக இருந்தும் முன் டயர்களின் வெளித்தோள், அதாவது வெளிப்பக்க விளிம்பு, மட்டும் மழுங்கியிருந்தால், அவர் வளைவுக்குள் வேகமாக வந்து, வண்டி திரும்பாதபோது ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கிறவர். இந்த ஒரு பழக்கத்தை மாற்றத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பத்து வருடமாகச் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு என் பழைய ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு போகிறேன். மாருதி எஞ்சினை வைத்து நம் ஊரிலேயே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி உருவாக்கிய எஸ். கரிவர்தனின் பெயர் தாங்கிய தடம் அது. சுமார் 2.1 கிலோமீட்டர்தான், ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கீழே சொல்வதையெல்லாம் அப்படிப்பட்ட மூடிய தடத்தில் மட்டும் செய்யுங்கள். வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் செய்யாதீர்கள். அங்கே வண்டி இரண்டு அடி வெளியே போனால் எதிரே பஸ் இருக்கும், அல்லது பள்ளம் இருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. டயருக்குப் பிடி ஒன்றுதான். பிரேக்குக்குத் தனி, திருப்பத்துக்குத் தனி, ஆக்சிலரேட்டருக்குத் தனி என்று கிடையாது. ஒரே சம்பளத்தில் வாடகையும் மளிகையும் பள்ளிக் கட்டணமும் பார்ப்பது போல. முழுப் பிடியையும் பிரேக்கில் செலவழித்துவிட்டுத் திருப்பினால், முன் சக்கரம் திரும்பும், வண்டி நேராகப் போகும். வேகம் கூடும்போது செலவு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: வேகம் 10 சதவீதம் கூடினால் டயர் தாங்க வேண்டிய பக்கவிசை 21 சதவீதம் கூடுகிறது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், காய்ந்த தரையில், நல்ல சாதாரண டயருக்கு எல்லை மணிக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். அதே வளைவு நனைந்திருந்தால் 60 பக்கம் வந்துவிடும். 75க்கும் 80க்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள். ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல் விசை. அதைத் தர டயரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

தடத்துக்குள் இறங்கும் முன் வட்டப் பயிற்சி. இதைத் தாண்டிப் போகாதீர்கள், நான் யாரையும் தாண்ட விடுவதில்லை. அகலமான காலி இடத்தில் கோன்களை வைத்து 30 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் போடுங்கள். இரண்டாவது கியர். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். கோன்களை ஒட்டியே மெதுவாகச் சுற்றத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இம்மி வேகம் கூட்டுங்கள். இந்த வட்டத்தின் எல்லை வெறும் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே வந்துவிடும், அதனால் தவறினாலும் பெரிய சேதம் இல்லை.

30இல் டயர் பேசாது. 35 தாண்டும்போது மெல்லிய கீச்சொலி வரும். ஸ்டீயரிங் கனத்துக்கொண்டே போகும். அப்புறம் ஒரு கட்டத்தில், வேகம் கூடியும் ஸ்டீயரிங் கொஞ்சம் லேசாகும். அந்த லேசுதான் நாம் தேடி வந்த இடம். முன் டயர் தன் பிடியின் உச்சிக்கு வந்துவிட்டது என்று கைக்குச் சொல்கிறது. அதையும் தாண்டினால் கீச்சொலி கரகரவென்று அடித்தொண்டைக்கு இறங்கும், மூக்கு கோனை விட்டு வெளியே நகரும். இப்போது இன்னும் ஒடித்தால் டயர் தேயும், வண்டி திரும்பாது. செய்ய வேண்டியது நேர்மாறு: ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மூக்கு தானாக உள்ளே வரும். கை திருப்பாமலேயே, காலை வைத்தே வண்டி உள்ளே வெளியே போவதை அரை மணி நேரம் செய்து பாருங்கள்.

பக்கத்தில் ஒருவரை ஸ்டாப்வாட்சுடன் உட்கார வையுங்கள். ஒரு சுற்று 9 வினாடி என்றால் நன்றாகப் போகிறீர்கள். 8 வினாடிக்குக் கொஞ்சம் மேலே எல்லை. சத்தம் அதிகமாகும் சுற்றுகளில் நேரமும் அதிகமாவதைக் கண்ணால் பார்த்தால்தான் மனம் நம்பும்.

சரி, இப்போது தடம். வளைவுக்கு முன் நேர்ப்பகுதியிலேயே பிரேக்கை அழுத்தமாகப் போடுங்கள். தொடக்கம் கொஞ்சம் மென்மை, அப்புறம் முழு பலம். எடை முன்னால் வந்து உட்கார அந்த ஒரு கணம் வேண்டும். கியரைக் குறைத்து முடித்துவிடுங்கள். தடத்தின் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விட்டுப் போங்கள். இப்படிப் போனால் வண்டியின் பாதை வளைவை விடப் பெரிய ஆரமாகிறது, அதே டயர் கூடுதல் வேகத்தைத் தாங்குகிறது. உள் ஓரத்தைத் தொடும் புள்ளியை வளைவின் நடுவைச் சற்றுத் தாண்டியே வையுங்கள். முன்னாலேயே தொட்டுவிட்டால் வெளியேறும்போது தடம் போதாது. கண் எப்போதும் அடுத்த புள்ளியில் இருக்கட்டும்.

பழகிய பிறகு, திருப்ப ஆரம்பிக்கும்போதும் பிரேக்கை முழுதாக விடாமல், ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்கேற்பப் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே போங்கள். கை கூட்டுவதைக் கால் கழிக்கிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது இதே கணக்கு தலைகீழாக: கை நிமிர நிமிர ஆக்சிலரேட்டர். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் இதை அவசரப்பட்டால் மூக்கு வெளியே ஓடும்.

பின்பக்கம் நழுவுவது வேறு விஷயம். ஒரு வேகமான வளைவின் நடுவில், அதிகம் வந்துவிட்டோம் என்று பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். எடை முன்னால் ஓடியது, பின் டயர்கள் மேல் பாரம் குறைந்து பிடி போனது, வண்டி சுழன்று வந்த வழியைப் பார்த்தபடி புல்லில் நின்றது. முன் டயர்களில் அப்போதும் பிடி மிச்சம் இருந்தது. கால் கொஞ்சம் பொறுத்திருந்தால் வளைவைக் கடந்திருப்பேன். அதனால் நடு வளைவில் காலைத் தூக்காதீர்கள், தளர்த்துங்கள். இடுப்பு இருக்கையில் பக்கவாட்டில் வழுக்குவது போல உணர்ந்தால், போக வேண்டிய இடத்தைப் பார்த்து, பின்பக்கம் போகும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வண்டி திரும்பி வரும்போது உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் எதிர்ப்பக்கம் வீசும். சுழலவே ஆரம்பித்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதித்து நிற்கும்வரை எடுக்காதீர்கள்.

ஒரு தடவைக்கு ஐந்தாறு சுற்று போதும். கடைசிச் சுற்று மெதுவாக, பிரேக் போடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். உடனே காற்றை அளக்க வேண்டும். சூட்டில் 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். டயர் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். உரசல் அந்தக் குறியைத் தாண்டிப் பக்கச்சுவரில் இறங்கியிருந்தால் டயர் மடிகிறது, காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். குறியை எட்டவே இல்லையென்றால் ஒரு பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறிய பிறகு, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

எழுந்து போகும் முன் உள்ளங்கையை முன் டயர் மேல் குறுக்காக ஓட்டுங்கள். வெளித்தோளில் மட்டும் ரப்பர் சுருண்டு, ரம்பப் பல் போலத் தட்டுப்பட்டால் இன்னும் அதிகமாக ஒடிக்கிறீர்கள். அடுத்த தடவை அதே வளைவுக்கு வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் குறைத்து வாருங்கள்.