நியூயார்க்கில் பழைய கோ-ஆப் வீட்டை வாங்கிப் புதுப்பிக்கப் போகிறீர்களா?

மன்ஹாட்டனிலோ புரூக்ளினிலோ இரண்டாம் உலகப்போருக்கு முன் கட்டிய கட்டடத்தில் ஒரு பெரிய வீடு, அக்கம்பக்கத்து விலையைவிடக் கணிசமாகக் குறைத்து விற்பனைக்கு வந்திருக்கிறது என்றால், பல வருஷமாக உள்ளே யாரும் கை வைக்கவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். உயரமான கூரை, ஓக் மரத் தரை, தனிச் சாப்பாட்டு அறை, இரண்டு படுக்கையறை, சமையலறையை ஒட்டி அந்தக் காலத்தில் வேலைக்கு இருந்தவர்கள் தங்கிய குட்டி அறை, அதற்கென்று ஒரு குளியலறை. கிளாசிக் சிக்ஸ் என்பார்கள் இந்த அமைப்பை. உள்ளே நுழைந்ததுமே எந்தச் சுவரை எடுக்கலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தக் கட்டடத்தின் ஆல்டரேஷன் அக்ரிமென்ட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வரைபடமெல்லாம் அப்புறம்.

கோ-ஆப்பில் உங்கள் பெயருக்கு வீடு வராது. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் உங்களுக்குச் சில ஷேர்களும், அந்த வீட்டில் குடியிருக்க நீண்டகாலக் குத்தகையும் கிடைக்கும். அதனால் சுவருக்குள் எதைத் தொட்டாலும் போர்டின், அதாவது அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவின், சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதத்தின் நிபந்தனைகள்தான் அந்த அக்ரிமென்ட். எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும், தாண்டினால் ஒரு நாளைக்கு எவ்வளவு அபராதம், முன்பணம் எவ்வளவு, உங்கள் திட்டத்தைச் சரிபார்க்கும் கட்டடத்து ஆர்க்கிடெக்ட்டின் கட்டணம் (அதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்), கான்ட்ராக்டரிடம் எவ்வளவு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும்.

வேலை நேரத்தைக் குறிப்பாகப் பாருங்கள். நகரம் வார நாட்களில் காலை 7 முதல் மாலை 6 வரை அனுமதித்தாலும், பல கோ-ஆப்கள் 9 மணியிலிருந்து 4 மணி வரைதான் விடுகின்றன, சில இடங்களில் சத்தம் வரும் வேலை கோடையில் மட்டும்தான். சர்வீஸ் லிஃப்டில் சாமான் ஏற்றி, சாயங்காலம் தாழ்வாரத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து இறங்குவதற்கும் அதே நேரத்தில்தான் இடம் வேண்டும். ஆக ஆட்கள் கையில் கருவி பிடித்து வேலை செய்வது ஐந்தாறு மணி நேரம், கூலி என்னவோ முழு நாளுக்கு. இதையெல்லாம் விலை பேசுவதற்கு முன்பே தெரிந்துகொண்டால்தான் எவ்வளவு குறைத்துக் கேட்பது என்று தெரியும். உங்கள் வக்கீல் போர்டு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்கும்போது, குழாய்க் கசிவு, மின்சாரம், கேஸ் பற்றி என்ன பேசியிருக்கிறார்கள் என்று தனியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். கீழ் வீட்டுக்காரரின் படுக்கையறைக்கோ ஹாலுக்கோ மேலே உங்கள் சமையலறையோ குளியலறையோ வரக்கூடாது என்பது ஏறக்குறைய எல்லாக் கோ-ஆப்பிலும் உள்ள விதி. சமையலறையை ஹாலுக்குக் கொண்டுவரும் ஆசை பெரும்பாலும் இங்கேயே அடிபட்டுப் போகும். என் கருத்தில் அது நல்லதும்கூட. அந்தக் காலத்து வரைபடங்களில் அறைகள் யோசித்துத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன, எல்லாச் சுவரையும் எடுத்து ஒரே கூடமாக்குவதற்கு நல்ல வீட்டைத் தேடி வாங்க வேண்டியதில்லை. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் அகலமாக ஒரு திறப்பு, குட்டி அறையை அலுவலக அறையாகவோ பிள்ளைகளின் அறையாகவோ மாற்றுவது, இந்த இரண்டிலேயே வீடு வேறாகிவிடும். அந்தக் குட்டிக் குளியலறையை மட்டும் அலமாரியாக்கிவிடாதீர்கள். தண்ணீரும் வடிகாலும் ஏற்கெனவே உள்ள இடம் இந்த வீடுகளில் பொன் போன்றது. வாஷிங் மெஷின் அங்கே வைக்கலாமா என்பதை போர்டிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், பழைய வடிகாலில் சோப்பு நுரை எதிர்த்து ஏறும் என்று பல கட்டடங்களில் தடை உண்டு.

பணத்தைச் சுவருக்குள் செலவழியுங்கள், டைலைப் பிறகு பார்க்கலாம். மேலிருந்து கீழ்வரை போகும் பெரிய குழாய் வழக்கமாகக் கட்டடத்தின் பொறுப்பு, அதிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பிரியும் கிளைக் குழாய்கள் உங்களுடையவை. சுவர் திறந்திருக்கும்போதே அவற்றை மாற்றி, ஒவ்வொரு இடத்துக்கும் மூடுவால்வு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு குழாய் ரிப்பேருக்குக்கூட மேலும் கீழுமாக உள்ள அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும். மின்சாரத்தில், வீட்டுக்குள் எத்தனை ஆம்ப் வருகிறது என்பதோடு கட்டடம் இன்னும் எவ்வளவு தர முடியும் என்றும் கேளுங்கள். ஏசியும் இண்டக்‌ஷன் அடுப்பும் அதைப் பொறுத்துத்தான். கேஸ் குழாயை அவசியமில்லாமல் நகர்த்தவே வேண்டாம். வேலைக்குப் பின் நடக்கும் அழுத்தச் சோதனையில் பழைய குழாயில் கசிவு தெரிந்தால், உங்களுக்கு மட்டுமல்ல, அந்த வரிசைக்கே மாதக்கணக்கில் கேஸ் நின்றுபோகலாம்.

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பற்றி ஒன்று. ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டரில் நீராவி வருவதும் அது குளிர்ந்து நீராகித் திரும்புவதும் ஒரே குழாய் வழியாகத்தான், அதனால் அது வால்வுப் பக்கம் இலேசாகச் சரிந்து நிற்க வேண்டும். தரையைப் பிரித்துச் சமன்படுத்திவிட்டு ரேடியேட்டரையும் நேராக நிறுத்திவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, பனிக்கால இரவு முழுக்க டங் டங் என்று சுத்தியல் அடி கேட்கும். ரசமட்டத்தை மேலே வைத்துச் சரிபார்த்து, தேவைப்பட்டால் வால்வுக்கு எதிர்ப்பக்கக் கால்களுக்கு அடியில் மெல்லிய தகடு வையுங்கள். வால்வு முழுக்கத் திறந்திருக்கணும், இல்லை முழுக்க மூடியிருக்கணும், பாதித் திறப்பு ஆகாது.

பெயின்ட், தரை மெருகு, அலமாரி மாற்றம் இதற்கெல்லாம் நகரத்தின் பெர்மிட் தேவையில்லை, போர்டிடம் சொன்னால் போதும். சுவர், குழாய், மின்சாரம் என்று வந்தால் பெர்மிட், உரிமம் பெற்ற பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் வேண்டும். 1987 ஏப்ரலுக்கு முந்தைய கட்டடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வும் உண்டு. ஈய பெயின்ட்டை நியூயார்க் நகரம் 1960-இலேயே தடை செய்துவிட்டது, நாடு முழுக்கத் தடை வந்தது 1978-இல். அதற்கு முந்தைய சுவரில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அதற்கான சான்றிதழ் உள்ள ஆட்களை வைத்துத்தான் சுரண்ட வேண்டும். குழந்தை உள்ள குடும்பம் அந்த நாட்களில் வீட்டுக்குள் இருக்கவே கூடாது.

அதாவது வெளியே வாடகை, இங்கே மெயின்டெனன்ஸ் (கட்டடத்துக்குக் கட்டும் மாதக் கட்டணம்), கடன் தவணை, மூன்றும் ஒரே நேரத்தில் போகும். விலை 10 லட்சம் டாலரைத் தொட்டால் வாங்குபவர் தலையில் குறைந்தது 1 சதவீத வரி வேறு. வாங்கிய பிறகும் உங்கள் கையில் போதுமான பணம் மிஞ்சுகிறதா என்று போர்டு பார்க்கும் என்பதால், ரெனவேஷன் பணத்தை அந்தக் கையிருப்போடு சேர்த்துக் குழப்பாமல் தனியாகக் கணக்கு வையுங்கள்.

இடிக்கத் தொடங்கும் முன் கீழ் வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்கள். அவர் அனுமதியோடு அவர் வீட்டுக் கூரையைத் தேதியோடு படம் எடுத்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், நாளைக்கு விரிசல் பழையதா புதியதா என்ற பேச்சே வராது. கல் மேடையும் சோபாவும் ஆர்டர் கொடுக்கும் முன் சர்வீஸ் லிஃப்டின் உயரத்தையும் மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். தரையில் 80 சதவீதம் கம்பளம் போட வேண்டும் என்ற விதி பல கட்டடங்களில் இருப்பதால், விலையுயர்ந்த மரத்துக்குச் செலவழிப்பதைவிட இருக்கும் ஓக் தரையைத் தேய்த்து மெருகேற்றுவதே மேல்.

வேலை முடிந்ததும் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையை உடனே கொடுத்துவிடாதீர்கள். நகரத்தில் பெர்மிட் முறைப்படி மூடப்பட்டு அதற்கான காகிதம் கைக்கு வரட்டும். அது இருந்தால்தான் கட்டடம் முன்பணத்தைத் திருப்பித் தரும், வீட்டை விற்கும்போதும் வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான்.