புது உளியும் இழைப்புளியும் ஏமாற்றினால் செய்யக்கூடாதவை

சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய உளி மரத்தில் இறங்க மாட்டேன் என்கிறது. புது இழைப்புளி சுருள் விடாமல் மரத்தைப் பிய்த்து எடுக்கிறது. மரவேலையை ஆசையாகத் தொடங்கிய பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். அவர்கள் மூலையில் போட்டுவிட்ட கருவிகளில் நிறைய, இரண்டு மணி நேரம் செலவழித்திருந்தால் நன்றாக உழைத்திருக்கும். அதே சமயம், எவ்வளவு தேய்த்தாலும் தேறாத கருவிகளும் கடையில் விற்கத்தான் செய்கின்றன. எது அரைகுறை வேலை, எது உண்மையான பழுது என்று பிரித்துப் பார்க்காததால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, பெட்டியைப் பிரித்தவுடன் மரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது. உளியைத் தொழிற்சாலையில் சுமார் 25 டிகிரிக்குச் சாய்த்துத் தேய்த்து அனுப்புவார்கள். கடைசிக் கூர் வாங்குபவர் வைக்க வேண்டியது. விலை உயர்ந்த உளிக்கும் பெரும்பாலும் இதே கதைதான். உளியின் முனையை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் மெல்ல அசைத்துப் பாருங்கள். நுனியில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னினால் அது மொட்டை. கூர்மையான நுனியில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. அந்தக் கோடு மறையும்வரை 30 டிகிரியில் கல்லில் தீட்டிவிட்டு, அப்புறம் உளியைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் கல்லில் வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தேய்த்த கருவியை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார். அதனால் நம்மால் சரிசெய்ய முடியாத பழுதுகளை முதலில் தேட வேண்டும். உளியின் பின்பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் வையுங்கள். நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் பிரச்சினை இல்லை. நடுப்பகுதி புடைத்து, நுனி ஸ்கேலைத் தொடாமல் விலகி நின்றால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதை நேராக்க மாதக்கணக்கில் தேய்க்க வேண்டியிருக்கும். பிடியும் இரும்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் நீளவாக்கில் பாருங்கள். இழைப்புளியில் வாய்ப்பக்கம் (அடியில் பிளேடு எட்டிப் பார்க்கும் பிளவு) விரிசல், முறுக்கிக்கொண்ட அடிப்பக்கம், மரை போன திருகு, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் வாங்கினால் நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டும். விரிந்தால், விரிந்த அளவில் பாதி அந்த மட்டத்தின் பிழை.

பழுது இல்லை என்று தெரிந்த பிறகு ஆர்வக்கோளாறில் முழுவதையும் கண்ணாடி போலத் தேய்க்க உட்கார்ந்துவிடுவது அடுத்த தவறு. உளியின் பின்பக்கம் நுனியிலிருந்து ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் தட்டையானால் போதும். இழைப்புளியின் அடிப்பக்கத்தில் முன்முனை, வாய்க்கு முன்னே இருக்கும் பகுதி, பின்முனை, இந்த மூன்று இடங்களும் ஒரே மட்டத்தில் வந்தால் போதும்; இடையில் பள்ளம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தேய்க்கும்போது பிளேடைக் கழற்றிவிடாதீர்கள். நுனியை உள்ளே இழுத்துக்கொண்டு, வேலை செய்யும்போது இருக்கும் அதே இறுக்கத்தில் வைத்திருக்க வேண்டும். இறுக்கும்போது வார்ப்பிரும்பு உடல் சற்று வளையும் என்பதுதான் காரணம். கிரானைட் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பக்கம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு நாலு இழுப்பு இழுத்தால், மேடு எங்கே என்று தானாகத் தெரியும்.

இழைப்புளியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பழி சுமப்பது அதுதான். இன்று மலிவாகக் கிடைக்கும் இரும்பு இழைப்புளிகள் பெரும்பாலும் 1860-களில் அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி உருவாக்கிய அமைப்பின் நகல்கள். அமைப்பில் கோளாறு இல்லை, கடைசிக் கட்ட வேலையில்தான் கோளாறு. சுருள் வாயில் அடைத்துக்கொள்கிறது என்றால், பலர் வாயை அரத்தால் அகலப்படுத்தத் தொடங்குவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அரத்தால் தேய்த்து எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட வழி கிடையாது. பிளேடையும் அதன்மேல் திருகியிருக்கும் கேப் அயர்ன் தகட்டையும் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சுருள் அந்த இடுக்கில்தான் நுழைகிறது. தகட்டின் முன் ஓரத்தைக் கல்லில் தேய்த்து அந்த இடுக்கை மூடினால் பெரும்பாலும் தீர்ந்தது. சாதாரண வேலைக்குத் தகட்டை நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். வேம்பு மாதிரி ரேகை பின்னிய மரத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கொண்டுவந்தால் பிய்வது கண்கூடாகக் குறையும்.

அடுத்து, இரும்பே மட்டரகம் என்ற குற்றச்சாட்டு. தொழிற்சாலையில் வேகமாகத் தேய்க்கும்போது மெல்லிய நுனி சூடேறிப் பதம், அதாவது இரும்பின் கடினம், கெட்டிருக்கக்கூடும். நாலைந்து முறை தீட்டி அந்தப் பகுதி தேய்ந்து போனபின் அதே உளி வேறு மாதிரி நடந்துகொள்வதுண்டு. அதன் பிறகும் கூர் நிற்கவில்லையென்றால் நுனியைக் கவனியுங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் கோணத்தை 35 டிகிரி வரை கூட்டிப் பாருங்கள். நகத்தால் தடவும்போது நுனி ஒரு பக்கம் மடங்கியிருப்பது தட்டுப்பட்டால் இரும்பு மிருது. நல்ல அரத்தை வைத்துத் தள்ளினால், பதமான உளியில் அது வழுக்கிக்கொண்டு ஓடும், மிருதுவானதில் கடிக்கும். கடித்தால் அந்த உளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தக் காசுக்கு பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் உளி அடித்துத் தரும் ஒரு நல்ல கொல்லரிடம் போனால் நம்பி வேலை செய்யக்கூடிய உளி கிடைக்கும். ஒன்று, தேக்கில் மட்டும் சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, எந்தக் கூரையும் சீக்கிரம் மழுக்கிவிடும்.

நல்ல இரும்பை நாமே கெடுப்பதும் நடக்கிறது. சாணை மெஷினில் பிடித்துக்கொண்டே இருந்தால் நுனி நீலமாகிவிடும். நீலம் தெரிந்தால் சூடு கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சாதாரணக் கார்பன் எஃகு உளியின் பதம் அங்கே போய்விட்டது. விரலை நுனிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சுட ஆரம்பித்ததும் தண்ணீரில் முக்குங்கள்.

ரம்பத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பல் முனைகள் மட்டும் கருநீலமாக இருந்தால் அவை தனியாகக் கடினப்படுத்தப்பட்டவை. அவற்றை அரம் போட்டுத் தீட்ட முடியாது, அரம்தான் வீணாகும்.

திருப்பி அனுப்ப முடிவு செய்தால் பெட்டி, பில் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஸ்கேலுக்கும் இரும்புக்கும் இடையே வெளிச்சம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ‘சரியில்லை’ என்று எழுதுவதைவிட அந்தப் படம் நன்றாகப் பேசும். விற்றவர் மறுத்தால், இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.