ஈசிஆரில் கும்பலைத் துரத்தியது போதும்

இரண்டு வருடம் ஞாயிறுதோறும் விடிகாலை 5 மணிக்குத் திருவான்மியூரில் கூடி, ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் கும்பலோடு உயிரைக் கொடுத்து மிதித்தேன். முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்று அடித்ததும் வழக்கம்போல் கும்பலிலிருந்து கழன்று பின்தங்கிவிடுவேன். வேகம் கூடவேயில்லை, புதன்கிழமை வரை கால்வலிதான் மிச்சம்.

அப்புறம் மாற்றினேன். செவ்வாயன்று வீட்டில், சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் டிரெய்னர் கருவியில் 20 நிமிடம், இரண்டு தடவை. ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச வேகத்துக்குச் சற்றுக் கீழே. மின்விசிறி சுற்றியும் தரையெல்லாம் வியர்வைக் குட்டை, சென்னை அல்லவா! மற்ற நாட்களில் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம்தான். மீன்கூடை கட்டிய பழைய சைக்கிள்கூட முந்திப் போகும். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

ஞாயிறு கும்பலை விடவில்லை, அது வாரத்தின் இரண்டாவது கடின நாள். மூன்றாம் மாதம், அதே பாலத்தில் முன்னால் போனவரின் பின்சக்கரத்தைக் கடைசிவரை விடவில்லை. கோவளத்தில் டீ கிளாஸைப் பிடித்த கை நடுங்கியது, அது வேறு விஷயம்.