மின்கட்டணம் வராத வீட்டிலும் இருட்டு இருக்கும்

எரிசக்தி வறுமையில், அதாவது சமைக்கவும் விளக்கு, விசிறி போடவும் தேவையான மின்சாரமோ எரிபொருளோ கிடைக்காத நிலையில், இருக்கும் வீடுகளைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது மின்கட்டணத்தில்தான். கட்டணம் குறைவு, ஆகவே சிக்கல் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழைக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் திட்டம். ஆனால் நான் போன ஒரு வீட்டில், சித்திரை மாத உச்சி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே மின்விசிறி ஓடாமல் நின்றது. கணக்கீட்டு அட்டையில் 93 யூனிட். "நூறைத் தாண்டிவிடக் கூடாதே என்று, பிள்ளைகள் தூங்கும்போது மட்டும் போடுகிறோம்" என்றார் அந்த அம்மா. காகிதத்தில் அது கவலையில்லாத வீடு.

ஐரோப்பாவில் இப்படிப்பட்ட வீடுகளுக்கென்றே ஓர் அளவுகோல் உண்டு. எரிசக்திக்கு நாட்டின் இடைநிலைச் செலவில் (எல்லாக் குடும்பங்களின் செலவையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பாதிகூடச் செலவழிக்காத குடும்பங்களை, மறைந்திருக்கும் வறுமை என்று தனியாகப் பார்க்கிறார்கள். நாமும் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எதையெல்லாம் அணைத்து வைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

இணைப்பு எண்ணை வைத்துப் பட்டியல் போடுவது இன்னொரு தவறு. நான்கு குடித்தனம் இருக்கும் வீட்டில் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும், குடியிருப்பவர்களுக்கு அவர் தனியாக வைத்துக் கொடுத்த உள்மீட்டர்தான். முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய், 9 ரூபாய் என்று கொடுப்பவர்கள் ஏராளம். இலவச யூனிட் அவர்களை எட்டுவதே இல்லை, பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. ஒரே மீட்டரில் பத்துப் பேர் வாழும் கூட்டுக்குடும்பமோ 500 யூனிட்டைத் தாண்டி, கூடுதல் விலைக்குப் போய், வசதியான வீடு போலத் தெரியும்.

"கேஸ் இருக்கிறதா?" என்ற கேள்வியையும் விட்டுவிடலாம். ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு தர 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்துக்குப் பிறகு இருக்கிறது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கடைசி சிலிண்டர் எந்த மாதம் வந்தது என்று கேளுங்கள். கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள்: சாம்பல் சூடாக இருக்கிறதா, சோற்றுப் பானையின் அடியில் கரி புதிதாகப் படிந்திருக்கிறதா? அடுப்படியில் சிலிண்டர் துணி போர்த்தியபடி விருந்தாளிக்காகக் காத்திருக்கும். இதை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆணிடம் கேட்டுப் பயனில்லை. விறகு சுமப்பவரிடம் கேட்க வேண்டும்.

குடும்ப அட்டையின் வகையை மட்டும் நம்புவதும், மார்கழியில் ஒருமுறை போய் ஆண்டு முழுவதற்கும் முடிவு கட்டுவதும் பலரும் செய்கிற பிழைகள்.

நோயாளி இருக்கும் வீட்டில் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இன்சுலின் மருந்தை எங்கே வைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் என்று பதில் வந்தால், அந்த வீட்டைப் பட்டியலில் சேருங்கள்.