காரணமும் தீர்வும் ஒட்டாத கட்டுரையைச் சரிசெய்வது எப்படி?

மாணவர் கட்டுரை கைக்கு வந்ததும் நான் முதலில் கடைசிப் பத்தியைத்தான் படிப்பேன். "மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும், அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று அங்கே இருந்தால், முன்பகுதியின் லட்சணம் பாதி தெரிந்துவிடும். எந்தச் சிக்கலுக்கும் பொருந்தும் அந்த வரி, மேலே அடுக்கிய காரணங்களில் ஒன்றைக்கூடத் தொட்டிருக்காது. இந்த ஒட்டாமையைப் போக்கும் வழியை, ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: சிக்கலைச் சுருக்குங்கள்

"இளைஞர் உடல்நலம்" என்று தொடங்கினால் ஆயுள் முழுக்க எழுதலாம். "தூக்கமின்மை" கொஞ்சம் பரவாயில்லை. "விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாண்டு மாணவர்கள் வார நாட்களில் 7 மணி நேரம்கூட ஏன் தூங்குவதில்லை?" என்று கேட்டால் யார், எப்போது, எவ்வளவு என்பது வந்துவிடுகிறது. 7 மணி நேரம் என்பதும் சும்மா போட்ட எண் இல்லை. பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது அவ்வளவு தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை.

படி 2: "ஏன்?" என்று குடையுங்கள்

வகுப்பில் கண்ணயர்வது, மதிப்பெண் குறைவது எல்லாம் விளைவுகள். புதிதாக எழுதுகிறவர்கள் இவற்றையும் காரணப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒரு பழுது என்றால் ஐந்து முறை "ஏன்?" கேட்பது பழக்கம். அதையே இங்கும் செய்யலாம்.

ஏன் தூங்கவில்லை? படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. ஏன்? இரவு உணவுக்குப் பிறகு இரண்டு கோப்பை காபி. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். ஏன் அந்தக் காபி? பகல் முழுக்கக் களைப்பு. ஏன்? காலை 8 மணி வகுப்புக்காக அரைத்தூக்கத்தில் எழுந்தது. கை வைக்கக்கூடிய காரணம் அகப்பட்டுவிட்டது. ஐந்தாவது "ஏன்" தேவையில்லை.

படி 3: கோடு போட்டு இணையுங்கள்

ஒரு தாளின் இடப்பக்கம் காரணங்கள், வலப்பக்கம் தீர்வுகள்:

- காலை 8 மணி வகுப்பு — நிர்வாகம் அதை 9 மணிக்குத் தள்ளலாம்
- இரவுக் காபி — மாணவர் பிற்பகலோடு நிறுத்தலாம்
- ஒரே வாரத்தில் குவியும் ஒப்படைப்புகள் — ஆசிரியர்கள் கூடிப் பேசித் தேதிகளைப் பிரிக்கலாம்

கோடு சேராத தீர்வை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள். தீர்வு கிடைக்காத காரணம் இருந்தால் ஒரு வரியில் ஒப்புக்கொண்டு கடந்துவிடலாம்.

இந்தப் படியில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. காலரா நாற்றமடிக்கும் காற்றால் பரவுகிறது என்று நம்பிய லண்டன் அதிகாரிகள், 1848-49 காலகட்டத்தில் சாக்கடைகளைத் தேம்ஸ் ஆற்றுக்குள் கழுவிவிட்டார்கள். நகரத்தில் ஏராளமானோர் குடித்தது அந்த ஆற்றுத் தண்ணீரை. 1854இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்து, பிராட் தெருவின் அடிகுழாயைக் காட்டினார். செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. காரணம் பிடிபட்டதும் தீர்வு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்ததை ஸ்னோ மறைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் அது உதவும்.

படி 4: வரிசையைத் தீர்மானியுங்கள்

காரணங்களை எல்லாம் சொல்லிவிட்டுத் தீர்வுகளுக்குப் போகலாம். அல்லது ஒவ்வொரு காரணத்தின் கீழேயும் அதன் தீர்வை வைக்கலாம். காரணங்கள் தனித்தனியாக நின்றால் இரண்டாவது முறையே நல்லது, வாசகர் எதையும் நினைவில் சுமக்க வேண்டாம். நம் எடுத்துக்காட்டில் காபியும் காலை வகுப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் முதல் முறைதான் சரிவரும்.

படி 5: தீர்வுக்கு எதிர்க்கேள்வி கேளுங்கள்

யார் செய்வார், என்ன தடை வரும் என்ற இரண்டும் பத்திக்குள்ளேயே இருக்கட்டும். ஸ்னோவைப் போல, தீர்வால் எவ்வளவு ஆகாது என்பதையும் மறைக்காதீர்கள். இப்படி:

"முதல் வகுப்பை 9 மணிக்கு மாற்றுவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. பதின்ம வயதில் உடல் கடிகாரம் தள்ளிப்போவதால் இரவில் தூக்கம் தாமதமாகவே வரும். சீக்கிரம் படு என்று அறிவுரை சொல்வதால் அது மாறாது. மாலை வகுப்புகள் நீண்டு, ஆய்வக நேரத்தோடு மோதக்கூடும். எனவே முதலில் ஆய்வகம் இல்லாத இரு நாட்களில் மட்டும் செய்து பார்க்கலாம். இதனால் காபிப் பழக்கம் முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது."

படி 6: முன்னுரை கடைசியில்

என்ன சொல்லப்போகிறோம் என்பது எழுதி முடித்த பிறகுதான் நமக்கே தெளிவாகும். நான்கைந்து வரி போதும். பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். கதை தொடர்ச்சியாக வந்தால் தாளைக் கொடுத்துவிடலாம். எங்காவது தடுக்கினால், மூன்றாம் படியில் போட்ட கோடுகளை இன்னொரு முறை பாருங்கள்.